கம்பம் ஆடினால் பூனை சோபாவுக்குத்தான் போகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் வாசகர் பகுதியில் ஒரு வாசகி, தம் வீட்டுப் பூனை புது சோபாவின் கைப்பிடியைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துவிட்டதாக வருந்தி எழுதியிருந்தார். பூனை நகத்தால் பிறாண்டுவதற்கென்றே கயிறோ துணியோ சுற்றி விற்கும் பிறாண்டு கம்பத்தைக் கடையில் வாங்கி வைத்தும் அது ஏறிட்டும் பார்ப்பதில்லையாம். அதற்கு வந்திருந்த யோசனைகளைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். ஒருவர் எலுமிச்சைச் சாற்றைத் தெளிக்கச் சொல்கிறார். இன்னொருவர் செருப்பைத் தூக்கிக் காட்டினால் போதும் என்கிறார். மூன்றாமவர், வெளிநாட்டில் செய்வதுபோல நகத்தையே எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். அந்தக் கம்பம் எவ்வளவு உயரம், என்ன எடை, கை வைத்தால் ஆடுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

நான் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவுப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். காரைக்குடியில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறேன். இந்த ஊரில் பர்மா தேக்குத் தூணில் பூனை நகம் பட்டுவிட்டால் வீட்டில் இழவு விழுந்ததுபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படிக் கீறல் விழுந்த தூணையும் கதவையும் மெருகேற்றித் தரச் சொல்லி என்னிடம் வருபவர்கள் உண்டு. மெருகேற்றித் தருவேன், கூடவே ஒரு கம்பமும் செய்து தருவேன். கம்பம் வேண்டாம் என்றவர்கள் மறுபடியும் மெருகுக்கு வந்திருக்கிறார்கள்.

நகம் எடுக்கும் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் வெறும் நகம் மட்டும் போவதில்லை. நகம் விரலின் கடைசி எலும்போடு ஒட்டி வளர்வது, ஆகவே அந்த எலும்பையே மூட்டோடு வெட்டி எடுக்கிறார்கள். நம் விரல்களை மேல் கணுவோடு நறுக்குவதற்குச் சமம். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்துக்குப் பின் இதற்கு இடமில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் தடை செய்துவிட்டது. நம் நாட்டிலும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், ஒரு பிராணியின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. இதை யோசனை என்று அச்சிடாமல் இருந்திருக்கலாம்.

பூனை வம்புக்காகப் பிறாண்டுவதில்லை. அதன் நகம் அடுக்கடுக்காக வளர்வது. மேல் உறை பழசானதும் கழன்று விழ வேண்டும். கம்பத்தடியில் பிறை வடிவில் உமி போன்ற சிறு ஓடுகள் கிடந்தால் நகம் உதிர்ந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அவை கழன்ற உறைகள்தான். தூங்கி எழுந்ததும் முதுகையும் தோளையும் நீட்டி முறிக்கவும் அதற்குப் பிடிமானம் வேண்டும். போதாக்குறைக்கு, பாதத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கீறலோடு வாசனையையும் பதித்து, இது என் இடம் என்று எழுதி வைக்கிறது. இத்தனை வேலையையும் வீட்டின் நடுக்கூடத்தில், நான்கு பேர் கண்ணில் படும்படி செய்யவே விரும்பும். அடித்தால் பிறாண்டுவது நிற்காது, நீங்கள் இல்லாத நேரத்தில் நடக்கும்.

எங்கள் வீட்டுப் பூனை மிளகு பிறாண்டும்போது பக்கத்தில் அமர்ந்து கவனித்திருக்கிறேன். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களை எட்டும் மட்டும் உயர்த்தி, நகத்தை மாட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கும். கீழ்நோக்கி மட்டும் இழுத்தால் எந்தக் கம்பமும் தாங்கும். பின்னோக்கியும் இழுப்பதால்தான் கம்பம் அதன் மேலேயே சாய்கிறது. ஒருமுறை தலைமேல் விழுந்த கம்பத்தைப் பூனை மறப்பதில்லை. பிறகு அதற்கு சோபாதான் கதி. சோபா ஆடாது, கனமானது, உயரமும் போதும், துணியும் நகத்துக்குப் பிடி கொடுக்கிறது. பூனையின் கண்ணில் வீட்டிலேயே சிறந்த பிறாண்டு கம்பம் சோபாதான்.

இனி கணக்கு. கடிதத்தைச் சுருக்குவதானால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதை விட்டுவிடுங்கள். கம்பத்தைச் சாய்க்க வேண்டிய இழுவிசையைக் காண, அதன் மொத்த எடையை அடித்தட்டின் அகலத்தில் பாதியால் பெருக்கி, பூனை பிடித்து இழுக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். பழுதுக்கு வந்த கடைக் கம்பம் ஒன்று என் பட்டறையில் கிடக்கிறது. எடை இரண்டரை கிலோ, அடித்தட்டு 12 அங்குலச் சதுரம், 18 அங்குல உயரத்தில் பூனை பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரையை 6ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 1 கிலோவுக்கும் குறைவாகத்தான் வருகிறது. மிளகின் எடை 4 கிலோ. அது பாதி மனதோடு இழுத்தாலே அந்தக் கம்பம் குப்புற விழும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல்தான் வழவழப்பான துணி சுற்றி, உச்சியில் பந்து கட்டித் தொங்கவிட்டு விற்கிறார்கள். அந்தப் பந்து மனிதர்களைக் கவர்வதற்கு.

உயரம் 3 அடி இருக்க வேண்டும். வளர்ந்த பூனை முழுதாக நீட்டி நிற்க அதற்குக் குறைந்தால் போதாது. கடையில் கிடைக்கும் ஒன்றரை அடிக் கம்பம் குட்டிக்கு ஆகும், அதுவும் ஐந்தாறு மாதத்துக்கு. உயரம் கூடக்கூடச் சாய்வதும் எளிதாகிறது என்பதால் அடித்தட்டு கூடவே அகலமாக வேண்டும், கனமாகவும் வேண்டும்.

கனத்துக்கு நான் கண்டுகொண்ட வழி கடப்பா கல். சமையலறை மேடை போடும் கடைகளில் வெட்டிய மிச்சத் துண்டுகளைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்பார்கள். ஒன்றரை அடிச் சதுரம், 1 அங்குலக் கனத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். மேடைக்கு ஆகாத துண்டு என்பதால் மலிவாகவே தருவார்கள், கேட்டால் நான்கு மூலையிலும் துளையும் போட்டுத் தருவார்கள். கம்பத்துக்கு, பழைய வீடு இடித்த மரக்கடையில் 4 அங்குலச் சதுரச் சட்டம் கிடைக்கும். தேக்கானால் 3 அடிக்கு 6 கிலோ வரும். விளிம்பை இழைத்து உருட்டிவிட வேண்டும், கூர் விளிம்பில் கயிறு சீக்கிரம் அறுந்துவிடும். சட்டத்தின் அடி நுனியைத் துளையில் பொருந்தும்படி ஒடுக்கிச் செதுக்கி, அதாவது கழுந்து எடுத்து, கனமான பலகை ஒன்றில் துளையிட்டு இறக்கி, அடிப்பக்கம் ஆப்பு அடித்து, அந்தப் பலகையை நான்கு போல்ட்டில் கல்லோடு முடுக்குகிறேன். திருகாணியை மட்டும் நம்பி நிறுத்திய கம்பங்கள் நாளாவட்டத்தில் துளை விட்டுப்போய் ஆடத் தொடங்கும். கல்லுக்கு அடியில் ரப்பர் வில்லைகள் ஒட்டிவிட்டால் ஆத்தங்குடி தரையிலும் கீறல் விழாது.

இதற்கும் அதே கணக்கைப் போடுங்கள். பலகையைச் சேர்க்காமலே மொத்தம் 20 கிலோ, பாதி அகலம் 9 அங்குலம், பூனை எட்டிப் பிடிக்கும் உயரம் 30 அங்குலம். விடை 6 கிலோ. மிளகு தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினாலும் அசையாது. அடித்தட்டு அகலமாக இருப்பதில் இன்னொரு லாபம், பூனை பின்னங்கால்களை அந்தக் கல்லின் மேலேயே ஊன்றி நிற்கிறது. தன் எடையாலேயே கம்பத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

கயிற்று விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பாசம் உண்டு. சிங்கம்புணரி தேங்காய் நார்க் கயிறு பக்கத்திலேயே கிடைக்கும்போது வேறு எங்கே போவது? இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கற்றாழை நாரில் திரித்த வெள்ளைக் கயிறு இன்னும் நாள்படத் தாங்கும், நகத்தில் நூல் நூலாகக் கிழிபடும், பூனைகளுக்கு அது பிடிக்கும். தேங்காய் நாரும் ஏற்கத்தக்கதே, ஆனால் தூளாக உதிரும், கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும். எதை வாங்கினாலும் மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். சில கயிறுகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், மண்ணெண்ணெய் போல ஒரு நாற்றம் அடிக்கும். அது வேண்டாம். நைலான் வேண்டவே வேண்டாம். தரைவிரிப்புத் துணி சுற்றிய கம்பத்தையும் நான் சிபாரிசு செய்வதில்லை. கம்பத்தில் இருக்கும் விரிப்பைக் கிழிக்கலாம், தரையில் இருக்கும் விரிப்பைக் கிழிக்கக் கூடாது என்றால் பாவம் பூனைக்கு எப்படி விளங்கும்? 8 மில்லிமீட்டர் கயிறானால் மேலே சொன்ன கம்பத்துக்கு 50 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இடைவெளி விடாமல், பசை தடவி, இறுக்கிச் சுற்ற வேண்டும். ஆணி தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும், தலை வெளியே தெரியாமல்.

கயிறு கிழிந்து தொங்கத் தொடங்கியதும் அசிங்கம் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். பூனைக்கு அதுதான் பிடித்த பருவம், தன் வாசனை ஏறிய கம்பம். மரம் தெரியும் அளவுக்கு அறுந்த பிறகு அந்தப் பகுதிக்கு மட்டும் புதுக் கயிறு சுற்றினால் போதும்.

சில பூனைகள் நின்று பிறாண்டாது, கோரைப்பாயில் படுத்துத்தான் பிறாண்டும். அவற்றுக்கு இந்தக் கம்பம் வீண்செலவு. ஒரு பலகையில் சணல் சாக்கை இழுத்து அடித்துத் தரையில் போட்டுவிடுங்கள். உங்கள் பூனை எந்த ரகம் என்பதை இதுவரை அது கெடுத்து வைத்திருக்கும் பொருள்களே சொல்லும்.

கடிதம் எழுதிய வாசகிக்கு ஒரு வார்த்தை. கம்பத்தை மாடிப்படிக்கு அடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒளித்து வைக்காதீர்கள். கிழிந்த கைப்பிடியை ஒட்டியே நிறுத்துங்கள். கைப்பிடியின் மேல் கொஞ்ச நாளைக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வையுங்கள், நகம் வழுக்கும். பூனையின் காலைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துப் பாடம் நடத்த வேண்டாம், அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வராது. குப்பைமேனியை எங்கள் பக்கம் பூனைவணங்கி என்றும் சொல்வார்கள். செடியை வேரோடு பிடுங்கினால் அந்த வேர் வாசனைக்குப் பூனைகள் வந்து புரளும். அந்த வேரைக் கயிற்றில் தேய்த்து விட்டால் முதல் அறிமுகத்துக்கு உதவும். தின்னக் கொடுக்காதீர்கள், தேய்த்ததும் வேரை எறிந்துவிடுங்கள். பூனை கம்பத்துக்குப் பழகிய பின், உங்களுக்கு வசதியான இடத்துக்கு நாளுக்கு ஒரு சாண் வீதம் நகர்த்திக்கொள்ளலாம். நக நுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்புச் சதையைத் தொடாமல், அவ்வப்போது வெட்டிவிடுவதும் நல்லது.

கடைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி, வாங்குபவருக்குப் பொருளின் பரிமாணம் முக்கியம் என்றால் அதைப் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும். என் பட்டறையில் கிடக்கும் கம்பத்தின் பெட்டியில் ஒரு வெள்ளைப் பூனையின் படம் இருக்கிறது, விலை இருக்கிறது. அடித்தட்டின் அகலமோ கம்பத்தின் எடையோ இல்லை. பிறாண்டு கம்பத்துக்கு அந்த இரண்டைவிட முக்கியமான அளவு எது? உயரம், அடி அகலம், எடை ஆகிய மூன்றையும் அச்சிடச் செய்தால் வாங்குபவர் கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுக்கொள்வார். அதுவரை, கடையிலேயே கம்பத்தின் உச்சியில் இரண்டு விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். அடித்தட்டு தரையைவிட்டு எழும்பினால் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தச்சுப் பயிற்றுநர்,
காரைக்குடி.