மணி அடித்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்

மேடைக்கு மேடை அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான ‘நேவி சீல்’ பயிற்சிக் கதை சொல்லும் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பெயர் வேண்டாம், ஏனென்றால் போன வருடம் வந்தவரும் இதே கதையைத்தான் சொன்னார். கலிபோர்னியாவில் கொரோனாடோ கடற்கரை, ஐந்தரை நாள் ‘ஹெல் வீக்’ என்கிற நரக வாரம், அத்தனை நாளுக்கும் சேர்த்து நாலு மணி நேரம்போலத் தூக்கம், குளிர்ந்த அலையில் கைகோத்துப் படுத்துக் கிடப்பது, தலைமேல் ரப்பர் படகு. முடியாதவர் பித்தளை மணியை மூன்று தடவை அடித்து, தலைக்கவசத்தைத் தரையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். முழுப் பயிற்சியும் முடிவதற்குள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கழன்றுவிடுவார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “மிஞ்சுகிறவனுக்கு உடம்பு காரணமில்லை, மனசு. நீங்கள் மணி அடிக்கிற ஆளா?” என்று கேட்டு, ஐஸ் கொட்டிய தொட்டியில் ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் மாட்டேன் என்றார். அவரை மேடையிலேயே நிறுத்தி “இதோ முதல் மணி” என்றார் பயிற்சியாளர். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மனசு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேருகிறவர்களுக்கு முதல் கோடையில் ‘பீஸ்ட்’ என்று ஆறேழு வாரப் பயிற்சி உண்டு. யார் அதைத் தாக்குப்பிடிப்பார் என்பதை, மதிப்பெண், உடற்தகுதி, தலைமைப் பண்பு எல்லாம் கூட்டி அகாடமி போட்டு வைத்த மதிப்பீட்டைவிட, விடாப்பிடியை அளக்கும் சின்னக் கேள்வித்தாள் நன்றாகக் கணித்தது என்று உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் மற்றவர்களும் 2007இல் எழுதினார்கள். இவ்வளவை மட்டும் நீங்கள் சொல்கிறீர்கள், சரி. அதே மாணவர்களின் படிப்பு மதிப்பெண்ணைக் கணிப்பதில் அந்தக் கேள்வித்தாள் பின்தங்கிப்போனதை ஏன் சொல்வதில்லை? 2019இல் அந்த அகாடமியின் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கேடட்களை (மாணவர்களை) வைத்து அவர்களே செய்த பெரிய ஆய்விலும் அதேதான்: பீஸ்ட்டைத் தாண்ட விடாப்பிடி, பாடத்தில் தேற அறிவுத்திறன், உடற்பயிற்சி மதிப்பெண்ணுக்கு உடம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாவி.

இன்னொன்று. விடாப்பிடி இருந்தால் வெற்றி வாய்ப்பு ஏதோ இரண்டு மடங்கு என்கிற மாதிரி நீங்கள் சொல்வீர்களே, 2017இல் உளவியலாளர் மார்கஸ் கிரெடே குழு அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. பீஸ்ட்டில் எப்படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறிவிடுகிறார்கள், விடாப்பிடி சராசரிக்கு மேலே இருந்தால் அது தொண்ணூற்றெட்டு ஆகிறது, அவ்வளவுதான். அந்த மூன்று பேரும் முக்கியம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு அரங்கத்தையே அழ வைக்கக் கூடாது.

உடம்பா மனசா என்று வெட்டிப் பிரிப்பதும் சரியில்லை. யேல் மனநல மருத்துவர் சார்ல்ஸ் மார்கன், எதிரியிடம் பிடிபட்டால் எப்படித் தாங்குவது என்று கற்றுத்தரும் ராணுவப் பள்ளியில் போலி விசாரணைக்கு ஆளான வீரர்களின் ரத்தத்தைச் சோதித்தார். சிறப்புப் படைக்காரர்களுக்கு மன அழுத்தத்தைத் தணிக்க உடம்பே சுரக்கும் நியூரோபெப்டைட் ஒய் என்கிற பொருள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுரந்திருந்தது. நெஞ்சுரம் என்று நாம் சொல்வதில் ரத்தத்துக்கும் பங்கு உண்டு. அப்புறம் கொரோனாடோவுக்கு யாரும் அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து நேரே போய்விடுவதில்லை. நீச்சல், தண்டால், புல்-அப், ஓட்டம் என்று சல்லடை போட்டுத்தான் உள்ளேயே விடுகிறார்கள்.

சொல்லிக்கொடுக்க முடிகிற விஷயம் அங்கே நாலுதான், அவை மேடைக்கு எடுபடாத விஷயங்கள்: வாரத்தை நினைக்காமல் அடுத்த சாப்பாடு வரை மட்டும் நினை (ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சோறு போடுகிறார்கள் என்பதை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை); செய்யப்போவதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்; உனக்கு நீயே பேசிக்கொள்; மூச்சை மெதுவாக விடு. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் அந்த அக்காவுக்கே உதவியிருக்கும்.

2022 பிப்ரவரியில் ஹெல் வீக்கை முழுசாக முடித்த ஒரு இளைஞர், மணி அடிக்காதவர், சில மணி நேரத்தில் நிமோனியாவில் இறந்துபோனார். அடுத்த வருடம் வந்த கடற்படை விசாரணை அறிக்கை மருத்துவக் கண்காணிப்பில் இருந்த ஓட்டைகளை வரிசையாகச் சொன்னது. உங்கள் கதையில் இவர் எந்தப் பக்கம்?

எனக்கு அந்தப் பயிற்சியிலேயே கொஞ்சமாவது நாகரிகமாகப் படுவது அந்த மணிதான். விருப்பப்பட்டு வந்தவர், விருப்பமில்லை என்றால் போகலாம், கடற்படையில் வேறு வேலைக்குப் போய்விடலாம். எங்களுக்கு ஏது மணி? வீட்டுக்கடன் தவணை ஐந்தாம் தேதி, வருகைப் பதிவேடு மனிதவளத்துறை கையில், ‘பங்கேற்பு கட்டாயம்’ என்று மெயில்.

அடுத்த மாதம் உங்களில் வேறொருவர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். ஐஸ் தொட்டி கொண்டுவருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் இறங்கப் போவதில்லை. அந்த அக்காவும் நானும் கேன்டீனில் இருப்போம்.

இப்படிக்கு,
போன மாதம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன்