ஒயரிங்கை மாற்றிவிடாதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தியின் காதுகுத்துக்கு நான்கு வரி, அம்பாசிடருக்கு இரண்டு பக்கம்! தங்கச்சி இதைப் படித்திருந்தால் வண்டி இந்நேரம் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டுகிறது, இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது, ராத்திரியில் ஹெட்லைட் போட்டு ஓட்டினால் டேஷ்போர்டில் சிவப்பு லைட் மங்கலாக எரிகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சில சமயம் எஞ்சின் பட்டென்று நின்றுவிடுகிறது. இதற்கெல்லாம் ஒரே மருந்தாக "ஒயரிங் முழுக்க மாற்றணும்" என்று பார்த்தவர்கள் சொன்னார்களாம். வேண்டாம். இவை நான்கும் தனித்தனி வியாதி. புது ஒயரிங் போட்டாலும் பாதி அப்படியே இருக்கும்.

முதலில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிசைன் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த முனை. இடையில் யாராவது மாற்றியும் இருப்பார்கள். உன் வண்டி மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரின் வாரிசு என்பதால் ஒயர் நிறமெல்லாம் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் முறைதான். பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே பியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். ஆனால் ஐம்பது வருஷத்தில் கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப்போட்டவர்கள் இருப்பார்கள். அதனால் நிறத்தை நம்பு, வோல்ட், ஆம்பியர் பார்க்கும் மல்டிமீட்டரை அதைவிட நம்பு.

சிமிட்டும் லைட்டில் ஆரம்பி, அதுதான் சுலபம். பல்புக்குப் போன கரண்ட் பாடி வழியாகத் திரும்ப வேண்டும். அந்த வழி துருவில் அடைபட்டால், பக்கத்து பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறு பாதை தேடும். அதனால்தான் சம்பந்தமில்லாத லைட் சேர்ந்து ஆடுகிறது. லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் மறு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வை. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 2, 3 காட்டினால் கோளாறு அங்கேதான். ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்ட் போய் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கு. முறுக்கிய பிறகு மேலே வேசலின் தடவு, முன்னாலேயே தடவிவிடாதே. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் எர்த் பட்டையையும் இப்படியே பார். செல்ப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் நடுவிலும் அதே 0.2-தான் கணக்கு.

பேட்டரி இறங்குவதற்கு, ஓடும்போது அதற்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவைத் திட்டுவதற்கு முன், மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மேல்மூடியில், அழுக்குப் படிந்த இடத்தில் சும்மா வைத்துப் பார். மறு முனை நெகட்டிவில். 1 வோல்ட் காட்டினாலும் ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்து பாதை போட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவு, செல்லுக்குள் மட்டும் போகக் கூடாது. சார்ஜ் ஏற்றியபின், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லையும் பார். ஒன்றுக்கொன்று 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த செல் போய்விட்டது. அதெல்லாம் சரியாக இருந்தால் எர்த் கிளிப்பைக் கழற்றி, முனைக்கும் கிளிப்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியரில் வை. எல்லாம் அணைத்து, கதவுகள் மூடியிருக்க வேண்டும். மறந்துபோய் செல்ப் அடித்துவிடாதே, மீட்டர் போய்விடும். டைனமோ வண்டியில் சும்மா இருக்கும்போது கரண்ட் ஓட வேண்டிய அவசியமே இல்லை. பூஜ்யம்தான் காட்ட வேண்டும். ஏதாவது காட்டினால் ஒவ்வொரு பிரவுன் ஒயராகக் கழற்றிக்கொண்டே வா. எதைக் கழற்றும்போது ஊசி விழுகிறதோ அந்தப் பாதைதான் திருடன். நான் பந்தயம் கட்டுவது பிற்பாடு மாட்டிய டேப் செட்டின் மேல்.

சிவப்பு லைட்டின் ஒரு கால் சாவி பக்கம், மறு கால் டைனமோவின் 'டி' முனையில். இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும். லோடு ஏறும்போது மங்கலாக எரிகிறது என்றால் டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் எங்கோ வோல்ட் தொலைகிறது. பெரும்பாலும் கட்டவுட்டின் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் தானியங்கி சுவிட்ச்) பாயிண்ட் கருகியிருக்கும், இல்லையென்றால் அதன் ஸ்க்ரூ லூஸ். டைனமோவையும் சோதித்துவிடு: டி, எப் இரண்டு ஒயரையும் கழற்றி, டைனமோவின் அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணை. அந்தக் கம்பிக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை வைத்து, ஐடிலிலிருந்து மெதுவாக ஏற்று. மடமடவென்று ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ட்டைத் தாண்ட விடாதே. 1 வோல்ட்டுக்குள் நின்றால் கோளாறு பீல்டு காயிலில் (உள்ளே நிலையாக இருக்கும் சுருள்), 4, 5-இல் நின்றால் ஆர்மேச்சரில் (சுழலும் சுருள்). ஒன்றுமே வராவிட்டால் ஆர்மேச்சரில் உரசிக் கரண்ட் எடுக்கும் கார்பனைப் பார். கட்டவுட்டை மட்டும் மீட்டர் இல்லாமல் கண்மதிப்பில் திருகாதே. 12.7-க்கும் 13.3 வோல்ட்டுக்கும் நடுவில் அது சேர வேண்டும். கண்மதிப்பில் திருகினால் பேட்டரி பட்டினி கிடக்கும்.

கடைசிக் கோளாறு, அந்த எஞ்சின் நிற்பதுதான், எனக்குப் பிடித்தது. பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே தட்டுக்கு வரும் விரல் நீள மெல்லிய ஒயர் ஒன்று தெரியும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது எஞ்சினின் உறிஞ்சு விசை (வேக்யூம்) மாறும்போதெல்லாம் தட்டு கொஞ்சம் திரும்பும், ஒயரும் கூடவே வளையும். வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து, மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்துபோகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு விரலால் மெதுவாக இழு; ரப்பர் மாதிரி நீண்டால் அதுதான். தட்டிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் இழுத்துப் பார். புதிதாகப் போடும்போது பல இழை உள்ள மெல்லிய ஒயராகப் போடு, கெட்டிக் கம்பி ஒரு மாதம் தாங்காது. திறந்தது திறந்தாய், அங்கே திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளியையும் 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்துவிடு.

இன்னொன்று. ஹெட்லைட்டுக்கு 60/55 ஹாலஜன் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவும், காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் வழியாகவும் போகிறது. பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு 30 ஆம்பியர் ரிலே (சிறு கரண்ட்டில் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி பக்கத்தில் ஒரு பியூஸ். ஒயரிங்குக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் இதைச் செய்.

பின் லைட் எர்த், பேட்டரி மூடி, டைனமோ — இந்த மூன்று ரீடிங்கையும் எழுதி அனுப்பு. அதுவரை டைனமோவை யாரிடமும் கழற்றிக் கொடுத்துவிடாதே. காதுகுத்துப் படத்தையும் மறக்காமல் வை.

அன்புடன்,
உன் மச்சான்