டொரண்டோ பாட்டிகளும் நம்ம முனியம்மாவும்

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம், மூட்டுவலி மட்டும் வழக்கம்போல. நீயும் அண்ணனும் சுகமென்று சரோஜா சொன்னாள். கிருஷ்ணகிரி வந்து இறங்கியதும் போன் செய்யத்தான் நினைத்தேன், ஆனால் போனில் நீ என்னை எங்கே பேசவிடுவாய்? அதனால்தான் கடிதம்.

டொரண்டோவில் மகள் ஒரு நாள் பக்கத்துத் தெரு சர்ச் ஹாலுக்குக் கூட்டிப் போனாள். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுப் பேரன் பேத்திகளை வளர்க்கிற பாட்டிகளுக்காகப் பணம் திரட்டினார்கள். திரட்டுகிறவர்களும் பாட்டிகளேதான்டி! கனடாவின் ஸ்டீபன் லூயிஸ் அறக்கட்டளை 2006 மார்ச்சில் தொடங்கிய இயக்கம் இது. அதே வருஷம் ஆகஸ்டில், டொரண்டோவில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடப்பதற்குச் சற்று முன்னால், ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 100 பாட்டிகளை வரவழைத்துக் கனடாப் பாட்டிகளோடு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். மருந்து எட்டாத விலையில் இருந்த காலத்தில் அம்மா அப்பா வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் போய்விட, வீட்டில் மிஞ்சியது கிழவியும் குழந்தைகளும்தான்.

ஹாலில் துணிப்பை, ஜாம், கம்பளித் தொப்பி என்று மேசை மேசையாக விற்பனை. என்னைவிட மூத்த ஓர் அம்மா, விரலெல்லாம் கோணிப்போன கையால் தான் தைத்த பையைப் புரட்டி உள்தையலைக் காட்டினார், ஒரு பிசிறு இல்லை. அப்புறம் உகாண்டாவிலிருந்து வந்திருந்த பாட்டி பேசினார். பணம் அவர்கள் ஊரில் அவர்களே நடத்தும் குழுக்களுக்குப் போகிறதாம். பள்ளிச் சீருடையா, விதையா, கூரையா, என்ன வேண்டுமென்று குழுவே முடிவு செய்கிறது. செத்த பிள்ளைகளை நினைத்துச் சேர்ந்து அழவும் அங்கே இடம் உண்டு. "எங்களைப் பார்த்துப் பாவப்படவில்லை, எங்களைக் கேட்டார்கள்" என்று அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னபோது எனக்குப் புளி தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முனியம்மா ஞாபகம்தான்.

அவள் மருமகள் மஞ்சள்காமாலையில் போனதும், மகன் பெங்களூரில் கட்டட வேலையில் விழுந்து இறந்ததும் உனக்குத் தெரியும். தெருவில் அரிசி கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள், நானும் அவள் வளர்க்கிற பேரப்பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தந்திருக்கிறேன். திரும்பி வந்ததும் நேரே போய், "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டேன். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், கொட்டை தெறிக்கத் தட்டிக்கொண்டே, "எம்மவன் செத்த சீட்டு வாங்கிக் குடு டீச்சர்" என்றாள்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கான தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும், மல்லிகா. முதியோர் பணம் 1,200 வாங்கிக்கொண்டு புளி தட்டுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! ஆனால் அப்பா இறந்ததற்குச் சான்றிதழ் இல்லை. இறந்த இடத்தில்தான் பதிவு என்பதால் பெங்களூரில் வாங்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் அவளை இன்று வா நாளை வா என்று அலையவிட்டிருக்கிறார்கள், வெளியே ஒரு புரோக்கர் அவளிடம் ஐயாயிரம் கேட்டிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாதவள், கன்னடம் தெரியாதவள், என்ன செய்வாள்? நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நீ தாலுக்கா ஆபீஸில் இருந்தவள், கன்னடம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரிச் சீட்டும் அவன் ஆதார் ஜெராக்ஸும் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உனக்கு எந்த நாள் ஒழியும் என்று மட்டும் சொல், விடியற்காலை பஸ்ஸில் மூவருமாகப் போய்விடலாம். அண்ணன் சாப்பாட்டுக்கு சரோஜாவிடம் சொல்லிவிட்டேன், அந்தச் சாக்கு இனிமேல் செல்லாது.

அன்புடன்,
விஜயா