ஸ்படிக மாலையும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேசுவரத்தில் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த பக்தி வேறு. ஸ்படிக மாலை போட்டால் சர்க்கரை இறங்கும் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி, என் அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது காலில் ஆறாத புண். கழுத்தில் அதே மாலை.

தொட்டால் சில்லென்று இருப்பதற்குக் காரணம், ஸ்படிகம் நம் உடல் சூட்டை வேகமாக இழுப்பதுதான். பழங்கால கிரேக்கர்கள் அதை இறுகிப்போன பனிக்கட்டி என்றே நினைத்தார்கள். 'கிறிஸ்டல்' என்ற சொல்லே அவர்களுடைய பனிக்கட்டிச் சொல்லிலிருந்து வந்தது. அமெதிஸ்ட் என்ற ஊதாக்கல் போதை ஏறவிடாது என்றும் நம்பினார்கள். 2001-ல் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் போலிக் கல்லைக் கொடுத்துப் பார்த்தபோதும், அசல் கல்லைப் பிடித்தவர்கள் சொன்ன அதே சிலிர்ப்பைத்தான் பலர் சொன்னார்கள்.

கடைக்காரர்களே, மாலையை மாலையாக மட்டும் விற்றுவிடுங்கள்.

– ஒரு வாசகர், பாம்பன்