மரண அறிவித்தலில் விடுபட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில் கல்லடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் படம் வந்திருந்தது. இளைப்பாறிய இராணுவ வீரரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் அன்பு மாமியார் என்று வழக்கமான வரிகள். குடும்பத்தார் கொடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள், அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் 94 வயது வரை வாழ்ந்த அந்த மனுசியைப் பற்றிச் சொல்லவேண்டிய ஒரு வரி அங்கே விடுபட்டுப் போனது. மட்டக்களப்பின் கதையை ஐம்பது வருடத்துக்கு மேலாகக் கொப்பி கொப்பியாக எழுதி வைத்தவர் அவர். சிறுவயது முதல் பெரியம்மா என்றே கூப்பிட்டுப் பழகியதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இலங்கை இராணுவம் 1949இல் தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்த எங்கள் பகுதி இளைஞர்களில் அவருடைய கணவரும் ஒருவர். கல்யாணம் முடிந்த கையோடு தியத்தலாவ முகாமின் குடியிருப்புக்குப் போனார்கள். குளிரும் பழக்கமில்லை, சிங்களமும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருநாள், "உங்கள் ஊரில் மீன் பாடுமாமே, எப்படியிருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். பெரியம்மா பிறந்ததே வாவிக்கரையில்தான். ஆனாலும் அதுவரை ஒருநாள்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. அந்த வெட்கம் தன்னை விடவே இல்லை என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அடுத்த லீவில் ஊருக்கு வந்தவர், பூரணை இரவில் தம்பியாரைத் தோணி வலிக்கச் சொல்லிக் கல்லடிப் பாலத்தடிக்குப் போனார். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டார். தூரத்தில் யாரோ தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி இருந்ததாம். அவருடைய முதல் கொப்பியின் முதல் பக்கம் அதுதான்: 1956, வைகாசிப் பூரணை.

கணவருக்கு முகாமில் களஞ்சியப் பொறுப்பு. ஒரு சப்பாத்து வெளியே போனாலும் நாள், ஆள், இடம், கையொப்பம் எல்லாம் பேரேட்டில் ஏறவேண்டும். அதைப் பார்த்துப் பழகிய பெரியம்மா ஊர்க்கதைகளையும் அதே ஒழுங்கில் எழுதினார். யார் சொன்னது, அவருக்கு என்ன வயது, எந்த ஊர், கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார் என்பதெல்லாம் முதலில் வரும். நான் அவருக்கு எழுதிக் கொடுக்கும்போது அவசரப்பட்டால், "ஆள் பேரை எழுது புள்ள, மறுகா கதையை எழுதலாம்" என்பார். படித்த ஆய்வாளர்கள் பலரிடமும் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை.

1971இல் கணவர் பென்சனுடன் வந்த பிறகு இந்த வேலை முழுமூச்சானது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகும்போதெல்லாம் மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைக்காகக் காத்திருப்பவர்கள்தான் அவருக்கு வகுப்பறை. (பாலம் 2014இல் வந்தது. அதற்கு முன் வாவியைக் கடக்கப் பாதைதான் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.) வெற்றிலைச் சரையை நீட்டிக்கொண்டே ஒவ்வொரு வட்டையின் (வயல்வெளியின்) பெயரையும் கேட்பார். அந்தப் பெயர் ஏன் வந்தது, எந்தப் போடியார் (பெரிய வயற்காரர்) காலத்தில் வெட்டிய வாய்க்கால், கண்ணகி அம்மன் சடங்குக்கு அந்த ஊரிலிருந்து என்ன போகும் என்று கேள்விகள் நீளும். காத்தான்குடிப் பெண்களிடமும் உட்கார்ந்து குடிவழி கேட்டு எழுதினார். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கும் கரை இது. வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிற ஊரில் பழங்கதையும் பெண்களிடம்தான் இருக்கும் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

இன்னொரு கொப்பி முழுக்க 1942 ஏப்ரல் 9 பற்றியது. ஜப்பானிய விமானங்கள் அன்று மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் துணைக்கு வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் மூழ்கடித்தன. ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோரை வீற்றா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிச் சென்றது. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. கரையில் நின்றவர்கள் என்ன கண்டார்கள் என்பது பெரியம்மாவின் கொப்பியில் இருக்கிறது. வானம் வெளுத்திருக்கக் கடலுக்குள் இடி இடித்தது என்று நாவலடி மீனவர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். அவர் பெயர், வயது, கைநாட்டு எல்லாம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் பழைய வீடு ஏது, பழைய ஆட்கள் ஏது?

1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியை நான் மறக்கமாட்டேன். எனக்கு அப்போது 16 வயது. பெரியம்மா வீட்டு ஓடுகள் பறந்து, கொப்பிகள் வைத்த அலுமாரி தண்ணீரில் கிடந்தது. வெயில் வந்ததும் சுளகிலும் பாயிலும் தாள்களைப் பரப்பி, பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு மட்டிச்சிப்பி வைத்தோம். பேனையால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. முடிந்த முடிவென்று நினைத்தபோது, ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்த பெயர்களும் நாட்களும் அப்படியே தெளிவாகத் தெரிந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, சொன்ன ஆட்களைத் திரும்பத் தேடிப்போய் மூன்று வருடத்தில் மறுபடி எழுதினார். அன்றிலிருந்து அவர் பேனையைத் தொடவே இல்லை.

போர்க்காலத்தில் பட்டாளக்காரர் மனைவி என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. சுவரில் மாட்டியிருந்த சீருடைப் படம் றங்குப் பெட்டிக்குள் போனது. 1990இல் இடம்பெயர்ந்தபோது உடுபுடவையை விட்டுவிட்டுக் கொப்பிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். கணவர் அடுத்த வருடம் காலமானார். அந்த ஆண்டுக் கொப்பியில் அவருடைய பெயரும் நாளும் இடமும் இருக்கின்றன. கீழே கதை எழுதப்படவில்லை.

கல்லடிப் பழைய பாலத்தைப் பற்றி அவர் சொன்னது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1924இல் திறந்த அந்தப் பாலத்துக்குத் தேசாதிபதி மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று பெயர். மானிங்கும் இராணுவ அதிகாரியாக இருந்தவர்தான். "அவளும் என்னைப்போலப் பட்டாளக்காரன் பெண்சாதி. இவ்வளவு பெரிய பாலம் கட்டியும் அதில் இருக்கிறது புருசன் பேர்தானே?" என்பார். உங்கள் பக்கத்தில் வந்த அறிவித்தலைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது.

சரி, இனிக் காரியத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பார்த்துவிட்டுத் தருகிறோம் என்று மூன்று கொப்பிகளை வாங்கினார்கள். பற்றுச்சீட்டு இல்லை, திரும்பியும் வரவில்லை. எந்தக் களஞ்சியத்திலும் நடக்காத வேலை இது என்று பெரியம்மா மனம் நொந்தார். மிச்சம் 41 கொப்பிகள் கணவரின் பட்டாளத்துப் பெட்டியில் இருக்கின்றன. இவற்றை யாருக்கும் மூலமாகக் கொடுக்கும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து நூலகம் இணையத் தளம் போன்ற எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் ஏற்றவேண்டும். பிறகு மூலக் கொப்பிகள் எழுத்துமூலமான ஒப்பந்தத்தோடு ஒரு பொது நூலகத்துக்குப் போகட்டும். பென்சில் எழுத்து என்பதால் படம் பிடிக்கும்போது வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைக்கவேண்டும், நேராக வைத்தால் மினுங்கி எழுத்து தெரியாது. முதல் இரண்டு கொப்பிகளை என் பேரனின் கைபேசியில் எடுத்துப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மகள் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார். 31ஆம் நாள் கிரியை முடிந்ததும் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். அதற்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. நல்ல கமெராவும் பொறுமையும் உள்ள பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தால் போதும். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுங்கள். சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
இளைப்பாறிய ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.