எட்டு கியோஸ்க் டெர்மினல்கள் பற்றிய புகார்

வணக்கம் சார்,

பிப்ரவரியில் உங்களிடம் வாங்கிய எட்டு டெர்மினல்களைப் பற்றி எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுடையது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்கள் வைத்த சின்ன சிஎன்சி ஷாப். ஆப்பரேட்டர் ஜாப் கார்டு நம்பரைத் தட்டி, எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் என்று போட வேண்டும், அவ்வளவுதான் அதற்கு வேலை. விண்டோஸ் லைசென்ஸ் செலவு எதற்கு, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டில் லினக்ஸ் கியோஸ்க் (நம் எண்ட்ரி திரையைத் தவிர வேறெதையும் திறக்க முடியாதபடி பூட்டியது) போட்டுத் தருகிறோம் என்றீர்கள். லினக்ஸ் மேல் எனக்கு இப்போதும் ஒரு குறையும் இல்லை. ஆனால் சாதாரண டெஸ்க்டாப்பை ஏற்றி, பிரவுசரை முழுத்திரையில் திறந்து வைத்துவிட்டு, அதற்குக் கியோஸ்க் என்று பில் போட்டிருக்கிறீர்களே!

ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் ஆட்கள் மெயினை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், ஒவ்வொன்றாக ஷட்டவுன் செய்துகொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். ஆர்டருக்கு முன்பே உங்கள் ஆளிடம் இதைச் சொன்னேன், நன்றாகத் தலையாட்டினார். சிஸ்டம் இருப்பதே எஸ்டி கார்டில்தான், அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெட்டுவிடும். இரண்டே மாதத்தில் மூன்று கார்டு காலி. பையின் செட்டிங்ஸ் புரோகிராமான ராஸ்பி-கான்ஃபிக்கிலேயே ஓவர்லே ஃபைல் சிஸ்டம் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் எழுதுவதெல்லாம் ராம் மெமரியோடு போய்விடும், கார்டைத் தொடாது. பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா பையன் பத்து நிமிடத்தில் செய்து காட்டினான், உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

அப்புறம் நேரம். பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது, நெட்டிலிருந்துதான் நேரம் எடுக்கும். காலையில் ரவுட்டர் எழுந்திருக்கும் முன்பே டெர்மினல் எழுந்துவிடுவதால், முதல் ஷிஃப்ட்டின் ஆரம்ப எண்ட்ரி எல்லாம் முந்தின நாள் ராத்திரிக் கணக்கில் விழுகிறது. இதனால் ஒருவருக்கு ஓ.டி. தப்பாகி, சம்பளத்தன்று என்னிடம் சண்டைக்கு வந்தார், அவர் பக்கம்தான் நியாயம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிற ஒரு சின்ன ஆர்டிசி மாட்யூலில் (பேட்டரியில் ஓடும் கடிகாரம்) முடிகிற விஷயம் இது.

கீபோர்டில் ஆல்ட், எஃப்4 இரண்டையும் அழுத்தினால் பிரவுசர் மூடி டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. செகண்ட் ஷிஃப்ட்டில் அதில் ஐபிஎல் ஓடியிருக்கிறது (சேப்பாக்கம் மேட்ச் என்றார்கள், நான் என்னத்தைத் திட்ட). எட்டிலும் ஒரே பாஸ்வேர்டு வேறு, அதுவும் உங்கள் கம்பெனி பெயரே.

பாக்கித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பத்து நாளில் எட்டையும் சரிசெய்து கொடுங்கள், முடியாவிட்டால் எடுத்துக்கொண்டு கொடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். போனில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆளை அனுப்பினால் காலை மெயின் போடும் நேரத்துக்கு வரச்சொல்லுங்கள், திரையில் நேற்றைய தேதி நிற்பதை அவரே பார்க்கட்டும்.