கேள்வி கேட்க முடியாத அரசா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமூக ஒப்பந்தம் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு இல்லாவிட்டால் மனிதர்கள் அடித்துக்கொண்டு சாவார்கள், அதனால்தான் எல்லாரும் ஒத்துக்கொண்டு அதிகாரத்தை ஓர் அரசிடம் ஒப்படைக்கிறார்கள் என்று ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் சொன்னதைப் புரியும்படி எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் அங்கிருந்து ஒரே தாவலில், 'யாரும் கேள்வி கேட்க முடியாத வலுவான அரசே தேவை' என்று முடித்ததைத்தான் ஏற்க முடியவில்லை.

ஹாப்ஸ் இதை எழுதிய 'லெவியதான்' நூல் வெளிவந்தது 1651-ல். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியிருந்தார்கள். உள்நாட்டுப் போரில் மிரண்ட ஹாப்ஸ், முழு அதிகாரத்தையும் ஓரிடத்தில் கொடுத்தால் உயிராவது மிஞ்சும் என்று நினைத்ததில் வியப்பில்லை. அவரே கூட, அரசால் காப்பாற்ற முடிகிறவரைதான் குடிமக்கள் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்தார். கட்டுரையில் அது இல்லை. ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்தது, நம்பிக்கை கெட்டால் திரும்ப வாங்கலாம் என்று சொன்ன இன்னொரு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கும் இல்லை.

அரசு இல்லாவிட்டால் அடித்துக்கொண்டு சாவார்கள் என்பது எங்கள் நீலகிரிக்கு முழுக்கப் பொருந்தாது. கோயம்புத்தூரின் வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வருவதற்கு முன்பே, இந்த மலையின் மக்களில் தோடர் நெய் கொடுக்க, படகர் தானியம் கொடுக்க, கோத்தர் பானையும் அரிவாளும் செய்து தந்து சாவுக்கு வாத்தியமும் வாசிக்க, குறும்பர் காட்டுப் பொருள் கொண்டுவர, பிழைப்பு நடந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மேலே நின்று மிரட்டி நடத்த ஆள் இல்லை. ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சரி, இதோடு நிறுத்தினால் பாதி உண்மை. மாந்திரீகம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர்களைக் கொன்றதும் இதே மலையில்தான். வெள்ளைக்காரர் ஆட்சி வந்த பிறகும் அது நிற்கவில்லை. மலையைக் குடைந்து சாலை போடவும் காட்டை அழித்துத் தோட்டம் வைக்கவும் அந்த அரசுக்கு வலு இருந்தது. குறும்பர் உயிரைக் காக்கத்தான் இல்லை. ஆகவே எனக்கும் வலுவான அரசு வேண்டும். அந்த வலு யார் மேல் பாய்கிறது என்பதுதான் என் கேள்வி.

இங்கே ஏழு மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி. இரண்டு அறை வீடு கட்டுகிறவரிடம் அது கறாராக இருக்கிறது. பள்ளத்தாக்கைப் பார்த்து மாடி மாடியாக எழும் விடுதி முன்னால் குழைகிறது. கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்களுக்கு 2019-ல் சீல் வைத்ததும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான். 2024 மே மாதம் நீலகிரி, கொடைக்கானல் இரண்டுக்கும் சுற்றுலா வண்டிகளுக்காக வந்த இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டும் அப்படியே. 'நான் ஒருவன் போனால் என்ன' என்று ஆளுக்காள் வண்டியை எடுக்கும்போது எல்லாருக்கும் பொதுவாக ஒரு கட்டுப்பாடு வேண்டும்; ஹாப்ஸும் அதைத்தான் சொன்னார். ஆனால் அதை அரசு தானாகக் கொண்டுவரவில்லை, வழக்கில் கேட்ட பிறகே வந்தது. கட்டுரையாளர் விரும்பும் அரசில் அந்த வழக்கை யார், எங்கே போட்டிருக்க முடியும்?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.